ஜெர்மனி போகிறவர்களுக்கு: வரி எண் முகவரியைத் தேடித்தான் வரும்

ஜெர்மனிக்கு வேலைக்கோ மேற்படிப்புக்கோ கிளம்புகிறவர்கள் போட்டு வைக்கும் பட்டியலில் விசா, இன்சூரன்ஸ், குளிருக்கான துணிமணி என்று எல்லாவற்றுக்கும் நடுவே 'டாக்ஸ் ஐடிக்கு அப்ளை செய்ய வேண்டும்' என்றும் ஒரு வரி இருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு, அதே இடத்தில் 'பதிவு செய்ய விடும் வீடு' என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பதிவில் நான் வலியுறுத்தப் போவது அதைத்தான். பான் கார்டு வாங்கிய பழக்கத்தில் நமக்கு வேறொரு வரிசை மனதில் பதிந்துவிட்டது: படிவம் நிரப்பு, ஆதாரைக் காட்டு, எண் வந்துவிடும். அங்கே முகவரி என்பது படிவத்தில் இருக்கும் பல விவரங்களில் ஒன்று. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு திருநெல்வேலி வீட்டு முகவரியைக் கொடுத்தாலும் பான் வந்து சேரும். ஜெர்மனியில் புதிதாகக் குடியேறுகிறவர் வரி எண்ணுக்கென்று தனியாக விண்ணப்பிப்பதே இல்லை. குடியிருக்கும் முகவரியை ஊராட்சி அலுவலகத்தில் பதிவு செய்கிறார். அதன் விளைவாக எண் தானாக வருகிறது. முகவரி பதிவாகவில்லை என்றால், எவ்வளவு பெரிய கம்பெனியின் வேலை ஆணை கையில் இருந்தாலும் அந்த வழியில் எண் வராது.

நடைமுறை இப்படித்தான். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் அந்த ஊரின் குடிமக்கள் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கிருக்கும் தமிழர்கள் பேச்சில் 'அன்மெல்டுங்' என்று அடிக்கடி அடிபடுவது இதுதான். 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மத்தியப் பதிவுச் சட்டத்தின்படி, வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் மட்டும் போதாது. 'இவர் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார்' என்று வீடு கொடுத்தவர் உறுதி செய்து தரும் ஒரு தனித் தாள் வேண்டும். பாஸ்போர்ட்டோடு அந்தத் தாளையும் கொண்டுபோய்ப் பதிந்தால், ஊராட்சி அலுவலகம் உங்கள் விவரத்தை மத்திய வரி அலுவலகத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பதினொரு இலக்க எண் ஒன்று, சாதாரணமாகச் சில வாரங்களில், தபாலில் வருகிறது. அட்டை கிடையாது, வெறும் கடிதம்தான். தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ அந்த எண்ணைச் சொல்ல மாட்டார்கள். கடிதம் தொலைந்துபோனால் மறுபடி கேட்கலாம், ஆனால் அதுவும் பதிவான முகவரிக்குத் தபாலில்தான் வரும், நான்கு வாரம் வரை ஆகலாம். ஒருமுறை கிடைத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க மாறாது. படித்து முடித்து ஊர் திரும்பி, பத்து வருடம் கழித்து வேலைக்குப் போனாலும் அதே எண்தான்.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் தணியும், திட்டமும் தெளிவாகும். ஒரு மனிதருக்கு ஒரே எண் என்ற யோசனையை ஜெர்மானியர்கள் நெடுங்காலம் அச்சத்தோடு பார்த்தார்கள். கிழக்கு ஜெர்மனி 1970 முதல் தன் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு இலக்க எண் கொடுத்து வைத்திருந்தது. மேற்கு ஜெர்மனியில் அதைப் போன்ற திட்டம் 1970களில் நாடாளுமன்றத்தில் கைவிடப்பட்டது. 1983 டிசம்பர் 15 அன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தன்னைப் பற்றிய தகவல் யாரிடம் போக வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை தனிமனிதருடையது என்று நிலைநாட்டியது. இந்தப் பின்னணியில்தான் 2003ல் சட்டம் இயற்றப்பட்டு, 2007 ஜூலை முதல் வரி எண் உருவாக்கப்பட்டது. புதிதாக ஆட்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்வதற்குப் பதிலாக, ஆயிரக்கணக்கான ஊராட்சிகள் ஏற்கெனவே வைத்திருந்த குடியிருப்புப் பதிவேடுகளிலிருந்தே விவரங்களை வாங்கிக்கொண்டார்கள். 2008ல் கைக்குழந்தை உட்படப் பதிவேட்டில் இருந்த எல்லோருக்கும் கடிதம் போனது. எண்பதுகளில் அகதிகளாக வந்து அங்கேயே நிலைத்துவிட்ட ஈழத் தமிழ்க் குடும்பங்களும் அப்போதுதான் அந்த எண்ணைப் பெற்றன. ஆக, வரி எண் பிறந்ததே முகவரிப் பதிவேட்டிலிருந்து. வீட்டுப் பதிவையும் வரி எண்ணையும் இரண்டு தனி வேலைகளாக நினைப்பதுதான் புதிதாகப் போகிறவர்களைச் சிக்கலில் மாட்டுகிறது.

சிக்கல் முதலில் தெரிவது சம்பளச் சீட்டில். 2013 முதல் அங்கே வரிப் பிடித்தத்துக்கான விவரங்கள் எல்லாம் மின்னணு முறையில் மத்திய வரி அலுவலகத்திலிருந்து கம்பெனிக்கு வருகின்றன. அவற்றைத் திறக்கும் திறவுகோல் இரண்டு: ஊழியரின் வரி எண், பிறந்த தேதி. எண்ணைக் கொடுக்காமல் இருப்பது ஊழியரின் தவறு என்றால், கம்பெனி அவரை ஆறாம் வரி வகுப்பில் வைத்துத்தான் பிடித்தம் செய்ய வேண்டும் என்கிறது வருமான வரிச் சட்டம். ஆறாம் வகுப்பு, இரண்டாவது வேலை பார்க்கிறவர்களுக்காக வகுத்தது. முதல் வேலையிலேயே சலுகைகள் எல்லாம் கணக்கில் வந்துவிட்டன என்ற எண்ணத்தில், அதில் எந்தச் சலுகையும் இல்லை. 2025ல் தனிநபருக்கு ஆண்டுக்கு 12,096 யூரோ வரை வருமான வரி கிடையாது. ஊழியர் என்பதற்காக இன்னும் 1,230 யூரோ கழிவு உண்டு. இந்த இரண்டும் ஆறாம் வகுப்பில் போய்விடும், முதல் யூரோவிலிருந்தே பிடித்தம் தொடங்கும். எண் வராதது ஊழியரின் தவறு இல்லை என்றால் சட்டம் கொஞ்சம் இளகுகிறது: அவர் எந்த வகுப்பில் வருவார் என்று எதிர்பார்க்கப்படுகிறதோ அதன்படி மூன்று மாதம் வரை பிடிக்கலாம். அதற்குள்ளும் எண் வரவில்லை என்றால், அந்த மூன்று மாதங்களுக்கும் சேர்த்துப் பின்தேதியிட்டு ஆறாம் வகுப்பு பாயும். பெர்லினிலும் மியூனிக்கிலும் வீடு தேடி அலைகிறவர்களுக்கு மூன்று மாதம் எவ்வளவு வேகமாக ஓடும் என்று தெரியும்.

சம்பளத்தோடு இது நிற்பதில்லை. 2018 முதல் வங்கிகள் கணக்கு வைத்திருப்பவரின் வரி எண்ணைப் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குழந்தையோடு போகிறவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் குழந்தைத் தொகை 2025ல் ஒரு குழந்தைக்கு 255 யூரோ. அதற்கு 2016 முதல் பெற்றோரின் வரி எண்ணும் குழந்தையின் வரி எண்ணும் வேண்டும். அந்தத் தொகையை விண்ணப்பித்த மாதத்துக்கு முன்னால் ஆறு மாதம் வரைதான் பின்னோக்கித் தருவார்கள். படிப்புக்குப் போகிறவர்கள் 'எனக்கு வருமானமே இல்லையே, வரி எண் எதற்கு?' என்று நினைக்கலாம். கடையிலோ உணவகத்திலோ 'மினிஜாப்' என்னும் சிறு வேலைக்குச் சேர்ந்தாலும், 2022 முதல் முதலாளி அந்த ஊழியரின் வரி எண்ணைத் தெரிவித்தாக வேண்டும். கடல் தாண்டியும் இந்த எண் வேலை செய்கிறது. நாடுகள் தங்களுக்குள் வங்கிக் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் இந்தியாவும் ஜெர்மனியும் இருக்கின்றன. அதனால் ஊரில் வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்பவரிடம் நம்மூர் வங்கி, 'நீங்கள் இப்போது எந்த நாட்டில் வரி கட்டுகிறவர், அங்கே உங்கள் எண் என்ன?' என்று கேட்கும். ரெசிடென்ஸ் பர்மிட்டை எந்த ஊர் அலுவலகம் தரும் என்பதையும் அதே முகவரிதான் தீர்மானிக்கிறது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் வாடகை விளம்பரங்களில் இருக்கும் ஒரு சொற்றொடரின் உண்மையான விலை தெரியும்: 'பதிவு செய்ய இயலாது'. பெரிய நகரங்களில் உள்வாடகைக்கு விடும் பல அறைகள் இந்த நிபந்தனையோடு வருகின்றன. வீட்டு உரிமையாளருக்குத் தெரியாமல் அறையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தபால் பெட்டியில் இன்னொரு பெயர் வருவதை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட அறை மாதம் நூறு யூரோ மலிவாகக்கூடக் கிடைக்கலாம். ஆனால் பதிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் வரி எண் தள்ளிப்போகிறது, அதோடு சம்பளப் பிடித்தம், வங்கி, குழந்தைத் தொகை, பர்மிட் எல்லாம் தள்ளிப்போகின்றன. குறித்த காலத்தில் பதியாததற்கு 1,000 யூரோ வரை அபராதமும் விதிக்கலாம். இவற்றை வாடகையோடு கூட்டிப் பார்த்தால் மலிவான அறைதான் விலை அதிகமான அறையாக நிற்கும். அதனால் என் கட்சி இதுதான்: பதிவு செய்ய விடாத அறை, ஜெர்மனியில் வாழ்க்கை தொடங்கப் போகிறவருக்கு வீடு ஆகாது. அது லாட்ஜ். லாட்ஜுக்குக் கொடுக்கிற மதிப்பையும் காலத்தையும்தான் அதற்குக் கொடுக்க வேண்டும்.

இதற்கு முதல் மறுப்பு: 'அதிகமாகப் பிடித்த வரி திரும்பி வந்துவிடுமே, ஏன் இவ்வளவு பதற்றம்?' உண்மைதான், வரும். அதே ஆண்டுக்குள் எண் கிடைத்துவிட்டால் கம்பெனியே அடுத்த சம்பளத்தில் சரிசெய்யலாம். இல்லையென்றால் வரிக் கணக்கு தாக்கல் செய்து வாங்கலாம். தானாக முன்வந்து தாக்கல் செய்கிறவருக்கு நான்கு ஆண்டு அவகாசமும் உண்டு. ஆனால் பணம் எப்போது வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். புதிதாகப் போனவருக்கு மிக நெருக்கடியான காலம் முதல் மூன்று நான்கு மாதங்கள். வீட்டு அட்வான்ஸ் மட்டுமே மூன்று மாத வாடகை வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்குமேல் கட்டில், மெத்தை, பல வீடுகளில் அடுப்படிகூட நாமே வாங்கிப் போட வேண்டும். ஊரில் வாங்கிய கடனுக்கான தவணை வேறு. அந்த நேரத்தில் சம்பளத்திலிருந்து போன பணம் அடுத்த ஆண்டு திரும்பி வந்தால் கணக்கு சரியாகிவிடும், அந்த மாதங்களின் நெருக்கடி அப்படியேதான் இருந்திருக்கும். மாணவர்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. விசாவுக்காகக் காட்டிய முடக்கப்பட்ட கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்துச் செலவு செய்கிறவருக்குச் சிறு வேலையின் சம்பளம் ஒரு மாதம் தாமதமானாலே வாடகை இடறும்.

இரண்டாவது மறுப்பு, 'தெரிந்தவர் வீட்டு முகவரியில் பதிந்துவிட்டு வேறெங்காவது தங்கிக்கொள்ளலாமே' என்பது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த யோசனைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. குடியிருக்காத ஒருவருக்குப் பதிவுக்காக மட்டும் முகவரி கொடுப்பதைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. அபராதம் 50,000 யூரோ வரை போகலாம். உதவி செய்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. ஆனால் உண்மையிலேயே அவர்களோடு தங்கினால் கதை வேறு. உறுதித் தாளை உரிமையாளர்தான் தர வேண்டும் என்பதில்லை, உள்வாடகைக்கு இடம் கொடுத்த முதன்மை வாடகைதாரரும் தரலாம். தெரிந்தவர் தன் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டு ஓர் அறையை உங்களுக்கு முறையாக ஒதுக்கினால், முதல் சில மாதங்களுக்கு அது சட்டப்படியான, நல்ல தீர்வு. வீடு கொடுத்தவர் தாள் தர மறுத்தால் என்ன செய்வது என்பதற்கும் சட்டத்தில் விடை உண்டு. தாள் தருவது அவருடைய கடமை. தராவிட்டால் அபராதம் அவருக்கு. அதைக் குடிவந்தவர் தாமதிக்காமல் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மௌனமாக இருந்துவிட்டால் பழி நம் பக்கம் சாய்ந்துவிடும்.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. 'வரி என்பது வருமானத்தைப் பற்றியது. வீட்டுச் சந்தையின் கோளாறுக்கு ஊழியர் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? விசாவோடு எண்ணையும் கொடுத்துவிடலாமே?' இதில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். வீட்டையும் எண்ணையும் பிரிக்க முடியும் என்பதற்கு அவர்கள் சட்டத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ஜெர்மனியில் குடியிருக்காமல் அங்கே சம்பாதிக்கிறவர்களுக்கு, எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர்களைப் போன்றவர்களுக்கு, பதிவு இல்லாமலே எண் பெறத் தனிப் படிவம் உண்டு. கம்பெனி இருக்கும் பகுதியின் வரி அலுவலகத்தில் அதைக் கொடுக்க வேண்டும். ஊழியர் அதிகாரம் கொடுத்தால் கம்பெனியே அவர் சார்பில் கேட்கலாம். அந்தக் கதவைப் புதிதாக வந்து வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் தாராளமாகத் திறக்க வேண்டும். திறமையான தொழிலாளர்களை உலகமெங்கும் தேடி அழைக்கும் ஒரு நாடு, அவர்களுடைய முதல் சம்பளத்தை வீட்டு உரிமையாளரின் கையெழுத்தில் தொங்கவிடக் கூடாது. ஆனால் சட்டம் மாறும்வரை நம் திட்டம் இருக்கிற சட்டத்துக்குத்தான் பொருந்த வேண்டும். 'இது நியாயமில்லை' என்பது சட்டத்தைத் திருத்தச் சொல்லும் வாதம். பதிவு இல்லாத அறையை எடுப்பதற்கு அது காரணம் ஆகாது.

இன்னொரு கவலை அந்தரங்கத்தைப் பற்றியது. ஒரே எண் எல்லா இடத்திலும் கேட்கப்பட்டால் நம்மைப் பற்றிய தகவலெல்லாம் ஓரிடத்தில் குவியாதா? ஜெர்மனியிலேயே இதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் உண்டு. 2012ல் உச்ச வரி நீதிமன்றம் இந்த எண் அரசியல் சாசனத்துக்கு முரணானதல்ல என்று தீர்ப்பளித்தது. 2021ல் வந்த சட்டம் மற்ற அரசுப் பதிவேடுகளிலும் இதே எண்ணைப் பயன்படுத்த வழி செய்தபோது விவாதம் மறுபடி எழுந்தது. இந்தக் கவலை நியாயமானது. அதற்கு விடை, எண்ணைத் தவிர்ப்பதில் இல்லை, யாரிடம் கொடுக்கிறோம் என்பதில் கவனமாக இருப்பதில் இருக்கிறது. எண்ணிலேயே உங்கள் பிறந்த நாளோ ஊரோ எதுவும் ஒளிந்திருக்காது. வேலை கொடுப்பவர், வங்கி, உடல்நலக் காப்பீடு, குழந்தைத் தொகை அலுவலகம் கேட்டால் காரணம் உண்டு. வீடு பார்க்கப் போகும்போது இடைத்தரகரோ உரிமையாளரோ கேட்டால் காரணமே இல்லை, கொடுக்கக் கூடாது. அதேபோல, எண் பெறுவது முற்றிலும் இலவசம். வரி எண்ணை வாங்கித் தருகிறோம் என்று இணையத்தில் கட்டணம் கேட்பவர்களிடம் பணத்தோடு பாஸ்போர்ட் விவரங்களையும் சேர்த்து இழக்க வேண்டாம்.

இவ்வளவும் ஏற்றுக்கொண்டால் நடைமுறையில் மாறுவது சிலதான், ஆனால் அவை முக்கியமானவை. வீட்டுக்காரருக்கு அனுப்பும் முதல் செய்தியிலேயே 'பதிவுக்கான உறுதித் தாள் தருவீர்களா?' என்று கேட்டுவிடுங்கள். வாடகை பேசுவது அதற்குப் பிறகு. கம்பெனி முதல் மாதங்களுக்குத் தற்காலிக வீடு தருவதாகச் சொன்னால், அங்கே பதிய முடியுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பதிவு அலுவலக நேரம் பெர்லின் போன்ற ஊர்களில் எளிதில் கிடைக்காது, அங்கே நகரின் எந்தப் பகுதி அலுவலகத்திலும் பதியலாம் என்பதை நினைவில் வையுங்கள். குடிபோன அன்றே தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள். அங்கே அடுக்குமாடியில் கதவு எண் பார்த்துத் தபால் போடுவதில்லை, பெயர் பார்த்துத்தான் போடுகிறார்கள். அப்பா பெயரை இனிஷியலாக வைக்கும் நம் வழக்கத்தால், பாஸ்போர்ட்டில் ஒன்றும் கூப்பிடும் பெயர் வேறொன்றுமாக இருக்கலாம். பதிவில் எப்படி ஏறியதோ அப்படியே பெட்டியிலும் இருக்கட்டும். பதிவின்போது மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர், லூத்தரன் சபையினர் போன்றவர்களுக்கு அந்தப் பதில் நேரே சம்பளச் சீட்டுக்குப் போகும்: வருமான வரியின்மேல் பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பர்க்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம் சபை வரி. இது தெரிந்து பதில் சொல்வது வேறு, தெரியாமல் சொல்வது வேறு. கணவனோ மனைவியோ பின்னால் வந்து சேர்ந்தால் அவருக்கும் உடனே பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்கான வரி வகுப்பு அதற்குப் பிறகுதான் கணக்கில் வரும்.

இந்த மாற்றத்தைக் கிளம்புகிறவர்கள் மட்டும் செய்தால் போதாது. ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள் முதலிடத்துக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன, அவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசனை நிறுவனங்களும் நம் ஊர்களில் பெருகியிருக்கின்றன. மொழித் தேர்வு, முடக்கப்பட்ட கணக்கு, விசா நேர்காணல் என்று விலாவாரியாகச் சொல்லித் தருகிறவர்கள், பதிவு செய்ய விடும் வீட்டைப் பற்றியும் அதே தீவிரத்தோடு சொல்ல வேண்டும். ஆட்களை அழைக்கும் கம்பெனிகள் வேலை ஆணையோடு முதல் மூன்று மாதத்துக்கான முகவரியையும் உறுதி செய்ய வேண்டும். வரி எண் வராவிட்டால் சம்பளப் பிரிவில் குழப்பத்தைச் சந்திக்கப் போவது அவர்களும்தான். ஏற்கெனவே அங்கே வீடு எடுத்து வாழும் தமிழர்கள், உரிமையாளரின் சம்மதத்தோடு ஓர் அறையை முறையாக உள்வாடகைக்குக் கொடுத்து அந்த ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், புதிதாக வருகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. பணம் கடனாகக் கொடுப்பதைவிட, சமைத்துப் போடுவதைவிட அது மேலானது. ஏனென்றால் அந்தக் கையெழுத்து இருந்தால் மற்றதை எல்லாம் அவர் தன் சம்பளத்திலேயே பார்த்துக்கொள்வார்.